பழைய படம் காட்டும் வழி



கோடை விடுமுறையில் நம் பங்கு இளைஞர் சிலர் வந்து, "சுவாமி, கொடைக்கானலில் எங்கும் கூட்டம், யாரும் மிதியாத இடம் எதுவும் இல்லையா?" என வினவினர். நாம் அலமாரியைத் திறந்து, மடிப்புகள் கிழிந்த தாளொன்றை மேசைமீது விரித்தோம். ஓர் அங்குலத்திற்கு ஒரு மைல் என்ற அளவில் இந்திய நில அளவைத் துறை அன்று அச்சிட்ட படம் அது. 1802 ஏப்ரல் 10ஆம் நாள் வில்லியம் லாம்டன் பரங்கிமலையருகே அடிக்கோடு அளக்கத் தொடங்கிய பெரும்பணியின் வழித்தோன்றல் எனலாம்.

இப்படத்தைப் படிப்பதும் ஒரு கலையே. சம உயரக் கோடுகள் நெருங்கி நின்றால் செங்குத்துச் சரிவு. விலகி நின்றால் சமநிலம். அவை மேட்டை நோக்கிக் கூராக வளையுமிடத்தில் ஓடை பாயும். நெருங்கிய கோடுகளுக்கு நடுவே சிறு இடைவெளியும், அதனருகே நீலக்கோடும் தென்படின், அங்கே நீரருகே அமர்ந்து இளைப்பாற இடமுண்டு என அறியலாம். சாலைகள் வருமுன் மக்களும் பொதிமாடுகளும் ஏறிய ஒற்றையடிப் பாதைகளைப் பழைய படங்களில் புள்ளிக்கோடுகளாகக் காணலாம். புதிய படங்களில் அவற்றுட் பல இல்லை.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. பல ஆண்டுகளுக்கு முன் நாமே அத்தகைய புள்ளிக்கோடொன்றை நம்பி நடந்தோம். படத்தில் புல்வெளியாயிருந்த இடம், பிற்காலத்தில் நடப்பட்ட சீகை மரக்காடாய் அடர்ந்திருந்தது. பாதை மறைந்தது, பொழுதும் சாய்ந்தது. விறகு சுமந்துவந்த முதியவர் ஒருவர், "சாமி, அந்த வழி செத்துப்போய் வெகுகாலமாச்சு, என் பின்னாலே வாங்க" என்று கூறி நம்மை ஊர் சேர்த்தார். மலை மாறாது, மலைமேல் உள்ளவை மாறும் என்பதை அன்று கற்றோம்.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறச் சென்றோர் 20க்கும் மேற்பட்டோர் மாண்டதை எவர் மறப்பர்? ஆதலின் இளைஞர்களுக்கு நாம் இட்ட நிபந்தனைகள் மூன்று: வனத்துறையின் அனுமதியின்றிக் காட்டில் கால் வைத்தலாகாது, பழைய படத்தைப் புதிய படத்தோடு ஒப்பிடாது புறப்படலாகாது, மலையூர் மக்களைக் கேளாது வழி விலகலாகாது.

தாளை மடித்து அவர்களிடமே தந்தோம். பெற்றோரே, உங்கள் பிள்ளைகள் மலைக்குப் புறப்படுகையில் "எப்போது திரும்புவாய்?" என்பதோடு, "எவ்வழியே செல்வாய்?" என்றும் கேளுங்கள். அவ்வழியைத் தாளில் வரைந்து வீட்டில் வைத்துப் போகச் சொல்லுங்கள்.