இரு கரங்கள் காக்கும் எல்லை

நம் திண்டுக்கல் மலைக்கோட்டையின் உச்சியில் ஏறி நின்றால் நாற்புறமும் சமவெளி விரிந்து கிடக்கிறது. தூரத்தில் புழுதி கிளம்பினாலும் அக்காலக் காவலாளியின் கண்ணுக்குத் தப்பியிராது. இத்தகைய கோட்டையை ஒரு தரப்பார் தனித்து நின்றே காத்துவிடலாம். இமயமலை எல்லை அப்படிப்பட்டதா?

இந்தியாவுக்கும் சீனாவுக்கும் இடையே உள்ள எல்லைக் கட்டுப்பாட்டுக் கோடு 3,488 கிலோமீட்டர் நீளமுள்ளது என்பது நமது அரசின் கணக்கு. பனிமலையும் பள்ளத்தாக்கும் ஆற்றுப்படுகையுமாகச் செல்லும் அந்தக் கோடு முழுவதற்கும் இருநாடும் ஒப்புக்கொண்ட வரைபடம் இல்லை. நாம் நமதென்று ரோந்து போகும் இடத்தை அவர்களும் தமதென்று எண்ணி வருகிறார்கள். எதிரே நிற்பவரோடு பேச்சு இல்லையேல் அங்கே மோதல்தான் விளையும்.

இதை உணர்ந்தே 1993-ல், நரசிம்மராவ் பிரதமராக இருந்தபோது, எல்லையில் அமைதி காக்கும் ஒப்பந்தம் ஏற்பட்டது. 1996-ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி, கோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் எவரும் சுடலாகாது. சுசூல், நாதுலா போன்ற இடங்களில் இருதரப்புப் படை அதிகாரிகளும் சந்தித்துப் பேசவும் வழி செய்யப்பட்டது.

"ஒப்பந்தம் இருந்தும் கல்வானில் நடந்தது என்ன?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 2020 ஜூன் 15 இரவு நமது வீரர்கள் 20 பேர் உயிர்த்தியாகம் செய்தனர். அவர்களுள் ஒருவர் இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஹவில்தார் பழனி. அந்த இழப்புக்கு எந்தக் காகிதமும் ஈடாகாது.

ஆயினும் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். எல்லையில் படையைக் குறைவாக வைப்போம் என்ற வாக்கை மீறிச் சீனா படை குவித்ததே மோதலுக்குக் காரணம் என்றது நமது அரசு. கல்லும் தடியும் கொண்டு நடந்த அந்தக் கைகலப்பிலும் துப்பாக்கி வெடிக்கவில்லை. அது போராக மூளவுமில்லை. மீறிய விதி உயிரைக் குடித்தது. காத்த விதி இன்னும் எத்தனையோ உயிர்களைக் காத்தது. ஆகவே கண்காணிப்பும் வேண்டும், பேச்சும் வேண்டும். நான்காண்டுப் பேச்சுக்குப் பின், 2024 அக்டோபரில் டெப்சாங், டெம்சோக் பகுதிகளில் ரோந்து செல்வது பற்றி உடன்பாடு கண்டார்கள். அந்தத் தீபாவளிக்கு இருதரப்பு வீரர்களும் எல்லையில் இனிப்புப் பரிமாறிக்கொண்டார்கள்.

நம்பிக்கை வளர்ந்தால் இன்னும் எவ்வளவோ இயலும் என்பதற்குப் பூட்டானே சான்று. 2003 டிசம்பரில், தன் காடுகளில் முகாமிட்டு அசாமைத் தாக்கிவந்த தீவிரவாதிகளைப் பூட்டான் தன் படையைக் கொண்டே விரட்டியது. இப்புறம் நமது படை வழியை அடைத்து நின்றது. ஒரு கை தட்டினால் ஓசை எழுமா?

வகுப்பில் பெஞ்சின் நடுவே சாக்பீஸால் கோடு கிழித்துச் சண்டையிடும் மாணவிகளாகிய நமக்கும் இதில் பாடம் உண்டு. கோடு கிழிப்பது எளிது. கோட்டுக்கு அப்பால் இருப்பவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதே கடினம். கடினமான அந்தப் பழக்கத்தை இன்றே பழகுவோம். நாளை நாட்டுக்கும் அது உதவும்.