தொட்டியில் மீன், பாத்தியில் கீரை

சென்ற திங்கள் இப்பகுதிக்கு வந்த கடிதங்களுள் ஒன்றை, ‘பிறகு பார்ப்போம்’ என்று ஒதுக்கிவைக்க மனம் வரவில்லை. எழுதியவர் இரு குழந்தைகளுக்குத் தாய். கணவருக்கு வெளியூரில் வேலை. சீட்டுப் பணம் கைக்கு வந்தபோது நகை வாங்காமல், கொல்லைப்புறத்தில் 1,000 லிட்டர் கொள்ளும் மீன்தொட்டி ஒன்றையும், அதன் அருகே சதுர மீட்டர் பரப்புள்ள மூன்று சரளைக்கல் பாத்திகளையும் அமைத்திருக்கிறார். தொட்டி நீர் பம்பு வழியே பாத்திக்கு ஏறி, கல்லிடையே வடிந்து, மீண்டும் தொட்டிக்கே திரும்பும். மண்ணும் இல்லை, உரமும் இல்லை. ‘அக்வாபோனிக்ஸ்’ என்று இம்முறையை வழங்குகின்றனர்.

முதல் ஆறு திங்கள் கீரைக்காரியை அழைக்க வேண்டிய தேவையே எழவில்லையாம். இப்போதோ, விடியற்காலையில் மீன்கள் நீர்ப்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. கிழமைக்கு இரண்டு மூன்று செத்து மிதக்கின்றன. பாலக்கின் இளந்தளிர்கள் வெளுத்து மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பச்சையாய் நிற்கின்றன. பாத்தியில் கல்லைக் கிளறினால் முட்டை அழுகிய நாற்றம். “நான் அப்போதே சொன்னேன் என்று மாமியார் நாள்தோறும் சொல்கிறார். எல்லாவற்றையும் கிடைத்த விலைக்கு விற்றுவிடலாமா, ஐயா?” என்று கேட்டு முடித்திருக்கிறார்.

விற்க வேண்டாம், சகோதரி. தங்கள் கடிதத்தின் நடுவில், போகிற போக்கில் எழுதிய ஒரு வரியிலேயே நோயின் வேர் தெரிகிறது. “மீன் வளர வளரத் தீனியையும் கூட்டிக்கொண்டே வருகிறேன், இப்போது நாளொன்றுக்கு 400 கிராம்” என்கிறீர்கள். தாயுள்ளம் அவ்வாறுதான் செய்யும். ஆயினும் இங்கே தீனியின் அளவை மீனின் பசியைக் கொண்டு முடிவு செய்யலாகாது; பாத்தியின் பரப்பைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும்.

ஏன் என்பதைச் சற்று விரித்துரைப்பது நலம். மீன் உண்ட தீனியில் உள்ள புரதத்தின் கழிவு, பெரும்பாலும் செவுள் வழியே அம்மோனியாவாக நீரில் கலக்கிறது. அது மீனுக்கே நஞ்சு. கல்லின் மேற்பரப்பில் வழுவழுப்பாகப் படிந்து வாழும் ஒருவகை நுண்ணுயிர்கள் இதனை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அதுவும் நஞ்சே. வேறொரு வகை நுண்ணுயிர்கள் அதனை நைட்ரேட்டாக மாற்றியபின்னரே அது மீனுக்குப் பெருந்தீங்கற்றதாகவும் செடிக்கு உணவாகவும் ஆகிறது. ஆகவே கொல்லையில் தாங்கள் வளர்ப்பவை இரண்டல்ல, மூன்று: மீன், கீரை, கண்ணுக்குப் புலப்படாத இந்த நுண்ணுயிர்கள். மூன்றாவதைப் பேணினால் மற்ற இரண்டும் பெரும்பாலும் தாமே பிழைத்துக்கொள்ளும். புதிய தொட்டியில் இவை பெருகி நிலைபெற நான்கு முதல் ஆறு கிழமைகள் ஆகும். அதற்குள் குஞ்சுகளைக் கொண்டுவந்து நிறைத்துவிட்டு, பத்தாம் நாள் அவற்றை மண்வெட்டி எடுத்துப் புதைத்தவர் பலர்; அவர்களுள் இதை எழுதுபவனும் ஒருவன்.

நுண்ணுயிர்களுக்கும் இடம் வேண்டும், காற்று வேண்டும். மூன்று பாத்திகளில் உள்ள கல் எவ்வளவு அம்மோனியாவை மாற்றும், வேர்கள் எவ்வளவு நைட்ரேட்டை உறிஞ்சும் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. கரீபியக் கடலிலுள்ள செயின்ட் குரோய் தீவில், வர்ஜின் தீவுகள் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ரகோசி என்பவர் 1980-களிலிருந்து இத்துறையில் ஆய்வு செய்தார். நன்னீர் அரிதான தீவு அது. செடிப் பரப்புக்கு ஏற்பத் தீனியை அளந்திடும் விகிதத்தை ஆய்ந்து வகுத்துக் காட்டியது அவருடைய பெரும்பணி. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 2014-இல் வெளியிட்ட கையேடும் அவ்வழியே கணக்கிடுகிறது: கீரை வகைகளுக்குச் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 40 முதல் 50 கிராம் தீனி, தக்காளி, கத்தரி போன்ற காய்ச்செடிகளுக்கு 50 முதல் 80 கிராம். தங்களிடம் மூன்று சதுர மீட்டர் கீரை இருக்கிறது. 150 கிராமுக்கு மேல் அது தாங்காது. தாங்கள் இடுவதோ 400. மிகுதி 250 கிராமும் எங்கே போகும்? தின்னாத தீனியும் மீன்சாணமும் கல்லிடையே சேறாய்த் தங்கி, காற்றின்றி அழுகுகின்றன. அந்த நாற்றம் அதுவே.

விடியலில் மீன் வாய் பிளப்பதற்கும் இதுவே காரணம். நீர் சூடேறச் சூடேற அதில் கரையும் பிராணவாயு குறைகிறது. 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் கரையக்கூடிய நீர், 30 டிகிரியில் ஏழரைதான் கொள்ளும். மீனுக்கு 5 மில்லிகிராமேனும் வேண்டும். இரவு முழுவதும் மீன், நுண்ணுயிர், அழுகும் சேறு, தொட்டிச் சுவரில் படர்ந்த பாசி ஆகிய நால்வரும் அதே சிறிய கையிருப்பிலிருந்து மூச்சு விடுகின்றனர். விடியுமுன் பானை காலியாகிவிடுகிறது.

இனிச் செய்ய வேண்டியது. இன்றே தீனியை நிறுத்துங்கள். மூன்று நாள் ஒரு பருக்கையும் வேண்டாம். ஜிலேபி மீன் மூன்று நாள் பட்டினியால் சாகாது. மிகுதித் தீனியால் ஓரிரவில் சாகும். தொட்டி நீரில் மூன்றில் ஒரு பங்கை இறைத்து வாழைக்கு விட்டு, புதுநீர் நிரப்புங்கள். குழாய் நீராயின் திறந்த தொட்டியில் ஒருநாள் வைத்துக் குளோரின் நீங்கியபின் விட வேண்டும். இல்லாவிடில் அது நுண்ணுயிர்களையே கொல்லும். பாத்திகளைக் கழுவ வேண்டும், ஆனால் மூன்றையும் ஒரே நாளில் கழுவிவிடாதீர்கள். ஒன்றைக் கழுவி இரு கிழமை பொறுத்து அடுத்ததைக் கழுவுக. அதுவும் தொட்டி நீரிலேயே அலசுக. பளபளவென்று தேய்த்துவிட்டால் மீண்டும் முதல் நாள் நிலைக்கே திரும்ப நேரிடும். கழுவியபின் பாத்திக்கு ஒரு பிடி மண்புழு விடுங்கள். அவை மிச்சச் சாணத்தைத் தின்று தீர்க்கும். தொட்டிக்கும் பாத்திக்கும் இடையே ஒரு பழைய டிரம்மை வைத்து நீரை அதன் வழியே மெல்லச் செலுத்தினால், சாணம் அடியில் தங்கும். அதை நாள்தோறும் திறந்து தென்னைக்கு விடலாம்.

பாலக்கு மஞ்சளிப்பது வேறு கதை. நீரைச் சோதித்ததில் பி.எச். 8 என்றிருக்கிறீர்கள். மீனுக்கும் செடிக்கும் நுண்ணுயிருக்கும் மூவருக்கும் ஒத்துவருவது 6 முதல் 7 வரை. எட்டில் இரும்புச்சத்து இருந்தும் வேருக்கு எட்டாது. இளந்தளிர் வெளுத்து நரம்பு பச்சையாய் நிற்பது அதன் அடையாளம். நிலக்கடலை பயிரிடுவோர் நன்கு அறிவர். மேலும் ஒரு தீங்கு உண்டு. வெந்நாளில் பி.எச். 7 இருந்தால், நீரிலுள்ள அம்மோனியாவில் 100-க்கு ஒரு பங்குக்கும் குறைவாகவே கொடிய வடிவில் இருக்கும். எட்டில் அது ஏறத்தாழ ஏழு பங்காகிவிடும். பிறர் வீட்டில் மீனைக் கொல்லாத அதே அளவு அம்மோனியா, தங்கள் வீட்டில் கொல்கிறது.

எட்டு எங்கிருந்து வந்தது? பாத்திக் கல்லில் இரண்டை எடுத்து வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்புக்கல். கழுவும்போதே பாத்தி பாத்தியாக அதை நீக்கிக் கருங்கல் ஜல்லி இடுங்கள். நுரைக்காவிடில் குற்றம் கிணற்று நீருடையது. கூரையிலிருந்து மழைநீர் பிடித்துக் கலந்துகொள்ளலாம். எலுமிச்சையோ அமிலமோ கொட்டி ஒரே நாளில் இறக்க முயலாதீர்கள். மீன் அந்த அதிர்ச்சியைத் தாங்காது. இரும்புக்காகத் துருப்பிடித்த ஆணிகளைத் தொட்டியில் போடும் வைத்தியத்தை நானும் ஓராண்டு செய்து பார்த்தேன். ஆணி துருப்பிடித்தது, கீரை வெளுத்தபடியே இருந்தது. உரக்கடைகளில் ‘ஈ.டி.டி.எச்.ஏ.’ எனக் குறிக்கப்பட்ட இரும்புப் பொடி கிடைக்கும். 100-க்கு 6 பங்கு இரும்புள்ள பொடியாயின் 1,000 லிட்டருக்கு 33 கிராம் கரைத்து விடுக. நீர் சிவந்துவிடும், அஞ்ச வேண்டாம். பூச்சிக்கோ எந்த மருந்தும் கூடாது; சோப்புக் கரைசல்கூட மீனைக் கொல்லும். கையால் பொறுக்குவதே வழி.

இப்போது கடினமான பகுதிக்கு வருகிறேன். ஒன்பது திங்களுக்கு முன் விட்ட 60 குஞ்சுகளும் இப்போது தலைக்கு 350 கிராம் என்கிறீர்கள். மொத்தம் 21 கிலோ. இவ்வளவு மீனுக்கு 150 கிராம் தீனி உண்மையிலேயே போதாது, அவை மெலியும். பாத்தியைப் பெருக்க இடமும் பணமும் இல்லையெனில் மீனைக் குறைப்பதைத் தவிர வழியில்லை. குழந்தைகள் பெயரிட்டு அழைக்கும் மீன்களைக் குழம்பில் இட யாருக்கும் மனமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் புரிகிறது. ஆனால் எடுக்காவிடில் அவை குழம்புக்கும் ஆகாமல், கிழமைக்கு மூன்றாகக் குப்பைக்கே போகும். அதைத்தான் குழந்தைகள் இப்போது பார்த்துக்கொண்டிருக்கின்றனர். நீர் தெளிந்தபின், பெரியவையாகப் பார்த்து 20-ஐ எடுத்துவிடுங்கள். மிச்சம் 14 கிலோ. 100-க்கு ஒரு பங்காகத் தீனியிட்டால் நாளொன்றுக்கு 140 கிராம். பாத்தியும் தாங்கும், மீனும் தாங்கும். இனிமேல் ஒரே நாளில் 60 குஞ்சுகளை விடாமல், இரு திங்களுக்கு ஒருமுறை 10, 15 என்று விட்டு, பெரியதை எடுத்து எடுத்துச் சமையுங்கள். கீரையும் அப்படியே: ஒரு பாத்தி முளைக்கும்போது மற்றொன்று வளர்ந்தும் மூன்றாவது அரிவதற்கும் நிற்கட்டும். மூன்றையும் ஒருங்கே அரிந்துவிட்டால், அன்றிலிருந்து சில கிழமைகள் நைட்ரேட்டை உறிஞ்சுவார் எவரும் இரார்.

மின்வெட்டு பற்றித் தாங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். ஒரு மே மாத இரவில் உறவினர் திருமணத்திற்குச் சென்றிருந்தேன். நள்ளிரவில் நின்ற மின்சாரம் காலையில்தான் வந்தது. திரும்பிவந்து பார்த்தபோது 40 மீன்கள் மல்லாந்து கிடந்தன. அதன்பின்னரே பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்றை வாங்கினேன். அது வரும்வரை, மின்சாரம் நின்றால் தீனியிடாமல், வாளியில் மொண்டு உயரத்திலிருந்து தொட்டியில் ஊற்றிக்கொண்டிருங்கள். கை வலிக்கும், மீன் பிழைக்கும்.

இவ்வளவும் செய்தால் வருமானம் வருமா என்றும் ஒரு வரி இருந்தது. மூன்று பாத்தியில் வராது. வீட்டிற்குக் கீரையும் புதினாவும், அவ்வப்போது ஞாயிற்றுக்கிழமைக் குழம்புக்கு மீனும் கிடைக்கும். மின்கட்டணமும் தீனிச் செலவும் போக அதற்குமேல் கணக்கிட வேண்டாம்.

மூன்று நாள் கழித்துத் தீனியிடத் தொடங்குங்கள். முதலில் காலையில் 50 கிராம் மட்டும். ஐந்து நிமிடத்தில் தின்னாததை வலையால் அள்ளிவிடுக. 50 கிராம் பிடிக்கும் டம்ளர் ஒன்றை அளந்து கோடு கிழித்து, அந்த வேலையை மூத்த குழந்தையிடம் ஒப்படையுங்கள். வேறு யாரும், மாமியார் உட்பட, தொட்டிப் பக்கம் கைநீட்ட வேண்டாம். கிழமைக்கு இருமுறை அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் சோதித்து நாளிட்டுக் குறித்து வாருங்கள். இரண்டும் அரை மில்லிகிராமுக்குக் கீழே இறங்கியபின் 100 கிராமாகக் கூட்டலாம். அந்தக் குறிப்பைப் படியெடுத்து அடுத்த இதழுக்குள் அனுப்பினால், பாத்திகளைக் கழுவும் முறையை மேலும் விளக்கமாக எழுதுகிறேன்.