யூதர் கட்டிய பள்ளியில் நம் பெண்கள்

கொல்கத்தா மாநகரின் பார்க் தெருவில் யூதப் பெண்கள் பள்ளி ஒன்று உள்ளது. தம் மகளிர் பாதிரிமார் பள்ளிகளிற் சேர்ந்து சமயம் மாறிவிடுவரோ என்று அஞ்சிய யூதப் பெருமக்கள் 1881இல் அதனைத் தோற்றுவித்தனர். 1940களில் ஏறத்தாழ நாலாயிரம் பேராக வாழ்ந்த அச்சமூகம், இஸ்ரேல், இங்கிலாந்து, ஆஸ்திரேலியா எனப் பெயர்ந்து சென்று, இன்று விரல்விட்டு எண்ணத்தக்க அளவில் எஞ்சியுள்ளது. பள்ளியோ மூடப்படவில்லை. இன்று அங்குப் பயில்வோருட் பெரும்பாலோர் முஸ்லிம் பெண்கள். மும்பையில் பெனெ இஸ்ரவேலர் 1875இல் தொடங்கி, பின்னர் எல்லி கதூரி பெயர் பெற்ற பள்ளியிலும், பைக்குலாவின் ஜேக்கப் சாசூன் பள்ளியிலும் இதே நிலைதான்.

இச்செய்தியைப் போலகத்தில் எங்கள் பெரியவர் ஒருவரிடம் கூறினேன். "அங்கே நம் பிள்ளைகளைத் தொழ விடுவார்களா, தம்பி?" என்பதே அவருடைய முதற்கேள்வி. நியாயமான கேள்வி, 1881இல் அப்பள்ளியைக் கட்டியவர்களின் அச்சமும் அதுவே அன்றோ? ஆயின் என் நெஞ்சை உறுத்தும் கேள்வி வேறு. அவ்வகுப்பறைகளில் முஸ்லிம் பெண் இருக்கிறாள்; அவள் அருகே அமர யூதப் பெண் இல்லை. ஒருவர் புறப்பட்டுப் போனபின் அவர் வீட்டுக்குள் நுழைந்து பழகுவது எங்ஙனம்?

இருவரும் ஒருங்கே இருந்த இடம் ஒன்றும் உண்டு. கொச்சி மட்டாஞ்சேரியின் யூதத் தெருவில், பள்ளிப் படிப்பை நிறுத்திவிட்டு அஞ்சலட்டை விற்ற முஸ்லிம் சிறுவன் ஒருவனுக்கு, தன் சரக்கை வைக்க இடம் கொடுத்தது சாரா கோகனின் இல்லம். அவ்வம்மையார் அவனுக்குத் தையற் பூவேலை கற்பித்தார். யூத ஆடவர் வழிபாட்டில் அணியும் தொப்பியை அவன் கை தைத்தது. கணவர் மறைந்தபின் அம்மூதாட்டியை மகன்போல் பேணியவனும் அவனே. 2019 ஆகஸ்டில், 96ஆம் அகவையில், அவர் காலமானார். எந்தப் பாடத்திட்டமும் வகுக்காத கல்வி இது. பாடத்திட்டம் வகுக்கும் நாம்தாம் வெட்கப்பட வேண்டும்.

நம் மார்க்கத்திற்கு இது புதிதுமன்று. மதீனாவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், இளைஞரான ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களை யூதரின் எழுத்தைக் கற்றுவரப் பணித்தார்கள். அவரும் அரைத் திங்களிற் கற்றுத் தேர்ந்தார் என ஹதீஸ் கூறும். பிறர் கடிதத்தைப் பிறர் துணையின்றிப் படிக்க வேண்டும் என்ற நடைமுறைத் தேவையே அதற்குக் காரணம் என்பர். இருக்கட்டும், தேவை கருதிக் கற்றதும் கல்வியே.

தமிழ்த்துறையினர்க்கு மற்றொன்று சொல்வேன். கி.பி. 849இல், சேர மன்னன் தாணு இரவி காலத்தில், கொல்லத்துக் கிறித்தவத் தேவாலயம் ஒன்றிற்கு வேணாட்டு அய்யனடிகள் அளித்த தரிசாப்பள்ளிச் செப்பேடு வட்டெழுத்தில் அமைந்தது. அதன் சாட்சிக் கையொப்பங்களோ கூஃபி அரபியிலும், பகலவியிலும், எபிரேய எழுத்திற் பொறித்த பாரசீகத்திலும் உள்ளன. கிறித்தவர் பெற்ற கொடைக்கு முஸ்லிமும் யூதரும் சாட்சி! அதில் வரும் அஞ்சுவண்ணம் என்னும் வணிகக் குழுவின் பெயரே பிற்காலத் தமிழில் முஸ்லிம்களைச் சுட்டிற்று. அஞ்சுவண்ணத்தாரை அல்லாவைத் தொழுவோராகப் பல்சந்தமாலை காட்டுகிறது. இதனை நம் மாணவருள் எத்தனை பேர் அறிவர்?

"காசாவில் பிள்ளைகள் மடிந்த காலத்தில் இப்பேச்சு எதற்கு?" என்று ஊர்ப் பெரியோர் வினவுவர். 2023 அக்டோபர் 7இல் இஸ்ரேலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டதும், அதன்பின் காசாவிற் பல்லாயிரவர் மாண்டதும் எளிதில் ஆறும் புண்ணல்ல. பாலஸ்தீனர்க்கு இழைக்கப்படும் அநீதியை நான் ஒருபோதும் குறைத்துப் பேசேன். ஆயினும் ஓர் அரசின் செயலுக்கு மட்டாஞ்சேரி மூதாட்டி கணக்குச் சொல்ல வேண்டுமா? எங்கோ ஒருவன் வைத்த வெடிக்குக் காரைக்கால் முஸ்லிம் விடை சொல்ல வேண்டும் என்று எவரேனும் கேட்டால் நாம் எத்துணைச் சினம் கொள்கிறோம்! ஜெரூசலத்திலேயே 1998 முதல் அரபுப் பிள்ளைகளும் யூதப் பிள்ளைகளும் இருமொழியிலும் சேர்ந்து பயிலும் பள்ளி ஒன்று இயங்கிவருகிறது. 2014 நவம்பரில் யூதத் தீவிரவாதிகள் அதன் வகுப்பறைக்குத் தீ வைத்தனர். அதற்குப் பின்னரும் பெற்றோர் தம் மக்களை அங்கே அனுப்பினர்.

நம்மால் இயல்வது சிறிது. காரைக்காலிலிருந்து எறணாகுளத்திற்கு இரவு வண்டி நேரே செல்கிறது. ஆண்டுச் சுற்றுலாவை ஒருமுறை அத்திசைக்குத் திருப்பி, 1568இல் எழுந்த பரதேசி யூத ஆலயத்தையும் அத்தெருவையும் மாணவர் காணட்டும். அடுத்த ஆண்டு மும்பைக்குச் சென்று, அங்கு இன்றும் வாழும் பெனெ இஸ்ரவேலர் பிள்ளைகளோடு ஒரு பகற்பொழுது பேசியிருக்கட்டும். புறப்படுமுன் அச்செப்பேட்டின் படியொன்றை வகுப்பில் வாசிக்கும் பொறுப்பைத் தமிழ்த்துறை ஏற்கலாம். பயணச் செலவை ஊர்ச் செல்வர் எவரேனும் ஏற்பாராயின், பெயர்ப் பட்டியலைத் தயார் செய்ய நான் முன்வருகிறேன்.