வலைப்பக்கக் கல்வி: எங்கிருந்து தொடங்குவது?

ஒரு வாசகத்தைப் பிழையின்றித் தமிழாக்கிக் கொடுத்துவிட்டால் மொழிபெயர்ப்பாளரின் கடமை முடிந்தது என்று நெடுங்காலம் எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் தவறென்பதை ஒரு சிறு நிகழ்ச்சி உணர்த்திற்று. விவசாயிகளுக்கான உதவித் திட்டம் ஒன்றின் அறிவிப்பை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கியிருந்தேன். அஃது ஓர் அலுவலகத்தின் வலைப்பக்கத்தில் வெளியாயிற்று. சில நாட்களுக்குப் பின் மறையூர் சென்றிருந்தபோது, கரும்பு பயிரிடும் ஒருவர் தம் கைப்பேசியில் அப்பக்கத்தைக் காட்டி, “ஐயா, கடைசித் தேதி எங்கே போட்டிருக்கிறது?” என்று வினவினார். நான் எழுதிய கடைசி இரண்டு வரிகள் அங்கே காணப்படவில்லை. ஆங்கில வாசகத்தின் அளவுக்கு வகுத்த பெட்டியில் தமிழ் வாசகம் அடங்கவில்லை. அடங்காத பகுதி கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிட்டது. விண்ணப்பத்தின் கடைசித் தேதியோ முந்தின நாளே கடந்திருந்தது.

பிழை மொழியில் இல்லை. பக்கத்தின் அமைப்பில் இருந்தது. பக்கத்தை அமைத்தவர் தமிழ் அறியார். தமிழ் அறிந்த நானோ பக்கத்தை அமைக்க அறியேன். இவ்விரு அறிவும் ஒருவரிடம் சேரவேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

மறையூர், மூணாறிலிருந்து உடுமலைப்பேட்டை செல்லும் வழியில், இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம் வட்டத்தில் உள்ள ஊர். சந்தனக் காடுகளுக்கும், முனியறை எனப்படும் பழங்காலக் கல்லறைகளுக்கும், 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற வெல்லத்துக்கும் பெயர் பெற்றது. இப்பகுதியில் தமிழ் பேசுவோர் மிகுதி. தமிழும் கன்னடமும் பேசும் சிறுபான்மையினர் தத்தம் மொழியில் அரசுடன் கடிதப் போக்குவரத்து நடத்தக் கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் இடமளித்தது. ஆனால் இன்று அரசும் மக்களும் சந்திக்கும் இடம் பெரும்பாலும் கைப்பேசித் திரையே. சட்டம் தந்த உரிமையை ஒரு பெட்டியின் அளவு பறித்துவிடலாகாது.

வலைப்பக்கம் இரண்டு பகுதிகளால் ஆனது. எது தலைப்பு, எது பத்தி, எது பட்டியல் என்று பொருளைச் சொல்வது எச்.டி.எம்.எல். அப்பொருள் எந்த நிறத்தில், எந்த அளவில், எவ்விடத்தில் தோன்றவேண்டும் என்று விதிப்பது சி.எஸ்.எஸ். என்னும் நடைத்தாள். மறையூரில் காய்ச்சிய பாகைக் கையால் உருட்டுகின்றனர். வேறு ஊர்களில் அச்சில் வார்க்கின்றனர். பாகு வேறு, வடிவம் வேறு. ஜெனீவாவில் உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஹோக்கன் வியும் லீ என்பவர் 1994 அக்டோபரில் இம்முறையை முன்மொழிந்தார். பெர்ட் போஸ் என்பவருடன் சேர்ந்து அவர் உருவாக்கிய முதல் தரம் 1996 டிசம்பரில் உலகளாவிய வலை அமைப்பின் பரிந்துரையாயிற்று.

நடைத்தாளின் விதிகள் அரசாணைகளை ஒத்தவை. பொது ஆணை ஒன்றிருக்கச் சிறப்பு ஆணை பிறந்தால் சிறப்பே செல்லும். ஒத்த வலிமையுடைய இரண்டு ஆணைகள் முரண்பட்டால் பின்னது செல்லும். அலுவலகக் கோப்புகளில் பழகிய கள ஊழியர்க்கு இது புதிதன்று. இந்த ஒரு முறையை உணர்ந்தவர், “நான் எழுதிய நிறம் ஏன் தோன்றவில்லை?” என்று திகைக்கமாட்டார்.

இனித் தமிழுக்கே உரிய இடர்ப்பாடுகளைக் காண்போம். தமிழ்ச் சொற்கள் நீண்டவை. ஆங்கிலப் பொத்தானில் ஒரு சொல் அடங்குமிடத்தில் ‘விண்ணப்பிக்கலாம்’ என்பது அடங்காது. ஆகவே பெட்டியின் உயரத்தை ஓர் எண்ணால் கட்டலாகாது. குறைந்த அளவு உயரத்தை மட்டும் விதித்தால் வாசகத்துக்கேற்பப் பெட்டி வளரும். நம் எழுத்துகளுக்கு மேலே புள்ளியும் விசிறியும் உண்டு. கீழே சுழியும் உண்டு. வரியின் உயரம் மிகவும் குறைந்தால் அவை ஒன்றோடொன்று மோதக்கூடும். எழுத்துகளுக்கிடையே இடைவெளி விடுவது ஆங்கிலத் தலைப்புக்கு அழகாகலாம். தமிழில் கொம்பும் காலும் தம் மெய்யைவிட்டு விலகி நிற்க நேரும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு நமக்கில்லை. ஆகவே அவ்வேறுபாட்டை நம்பிய அழகு தமிழில் பயன் தராது. பக்கத்தின் மொழி தமிழ் என்று அறிவிக்கும் ‘டி-ஏ’ என்ற ஈரெழுத்துக் குறியையும் மறத்தலாகாது. பார்வையற்றோர்க்கு உரக்கப் படித்துக்காட்டும் மென்பொருள் தமிழ்க் குரலைத் தேர்ந்துகொள்ள அஃது உதவும்.

இவற்றையெல்லாம் யார் கவனிப்பார்? தமிழைப் படிக்கும் கண்ணே கவனிக்கும். அத்தகைய கண்கள் தமிழ்வழி வகுப்புகளில் அமர்ந்திருக்கின்றன. கேரளப் பள்ளிகளில் கணினிக் கல்வி வேரூன்றி இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. கைட் நிறுவனத்தின் ‘லிட்டில் கைட்ஸ்’ மாணவர் மன்றங்கள் 2018ஆம் ஆண்டு முதல் இயங்குகின்றன. பள்ளிக் கணினிகளில் கட்டற்ற மென்பொருள் இருக்கிறது. வலைப்பக்கம் பழக ஓர் எழுத்துத் தொகுப்பியும் ஓர் உலாவியும் போதும். இணையத் தொடர்பும் வேண்டுவதில்லை. மலைச்சரிவில் சமிக்ஞை கிட்டாத பள்ளியிலும் பாடம் நடக்கும்.

ஆயினும் பலர் கற்கும் வரிசை தலைகீழானது. பூட்ஸ்ட்ராப், ரியாக்ட் முதலிய ஆயத்தச் சட்டங்களில் தொடங்கி, அடிப்படையை எட்டாமலே நின்றுவிடுகின்றனர். முதலில் எச்.டி.எம்.எல். கூறுகள், அடுத்து உள்ளடக்கம், உள்வெளி, விளிம்பு, புறவெளி என்ற நான்கும் சேர்ந்த பெட்டி இலக்கணம், பின்னர் பொருள்களை ஒரே திசையில் நிரல்படுத்தும் ஃபிளெக்ஸ்பாக்ஸ், அதன்பின் வரிசையும் பத்தியுமாக அடுக்கும் கிரிட். கிரிட் 2017ஆம் ஆண்டு முதல் முக்கிய உலாவிகளில் இடம்பெற்றுள்ளது. இறுதியாகத் திரையின் அகலத்துக்கேற்ப விதிகளை மாற்றும் ஊடக வினவல். ஜாவாஸ்கிரிப்ட் இவற்றுக்குப் பின் வரட்டும்.

விதிகளின் பெயர்கள் ஆங்கிலத்தில் உள்ளனவே என்பர் சிலர். வேதியியலின் குறியீடுகளும் இலத்தீன் எழுத்தில்தான் உள்ளன. அவற்றைத் தமிழிலேயே விளக்கிக் கற்பிக்கிறோம். அன்றாடம் வேண்டிய விதிகள் சில பத்துகளே. செயற்கை நுண்ணறிவுக் கருவியே பக்கத்தை எழுதித் தருகையில் கற்பானேன் என்று வேறு சிலர் வினவுவர். கருவி எழுதித் தரலாம். மறைந்த வரி மறைந்தது என்று கண்டு, அதைத் திருத்த அறிந்தவர் ஒருவர் வேண்டுமல்லவா?

ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இதுவே. முதற் பயிற்சிக்கு அயலான பொருளைத் தேடவேண்டாம். பள்ளி அறிவிப்பு, பேருந்து நேரம், வெல்லம் காய்ச்சும் முறை, இவற்றில் ஒன்றை மாணவர் தமிழில் எழுதி, அதற்குத் தாமே நடைத்தாள் அமைக்கட்டும். பின்னர் அதை மிகச் சிறிய கைப்பேசியிலும், எழுத்தை இருமடங்காகப் பெருக்கியும் பார்க்கட்டும். கள ஊழியர்களும் ஓர் அறிவிப்பின் முகவரியை மக்களுக்கு அனுப்புமுன் அதை எளிய கைப்பேசி ஒன்றில் கடைசி வரி வரை படித்துப் பார்த்தல் வேண்டும். குறை கண்டால் இன்ன இடத்தில் இன்ன விதி தவறு என்று எழுதியனுப்பும் அளவுக்கேனும் இக்கலையைக் கற்றல் நலம்.

நானும் இப்போது கற்று வருகிறேன். இனி நான் தமிழாக்கும் ஒவ்வோர் அறிவிப்பிலும் கடைசித் தேதியை முதல் வரியில் அமைக்குமாறு கேட்டுக்கொள்வேன். ஆனால் அது தற்காப்பே, தீர்வு அன்று. தீர்வு மறையூர்ப் பள்ளி மாணவரின் கையில் இருக்கிறது.