இரசிகனா, எசமானனா?

இங்கிலாந்தின் ரேடியோஹெட் என்னும் ராக் இசைக்குழு, 1997ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஓகே கம்ப்யூட்டர்' இசைத்தட்டினால் உலகப் புகழ் எய்தியது. கித்தாரின் முழக்கமே அக்குழுவின் உயிர் என்று இரசிகர் பலர் முடிவு கட்டினர். 2000ஆம் ஆண்டில் 'கிட் ஏ' வெளிவந்தது. அதில் கித்தார் பின்னுக்குச் சென்றது. மின்னணுக் கருவிகளின் ஒலியும் உருமாற்றப்பட்ட குரலும் முன்னுக்கு வந்தன. உடனே ஒரு சாரார், குழு தங்களைக் கைவிட்டுவிட்டதெனக் குமுறினர்.

பிடிக்கவில்லை எனக் கூறும் உரிமை எவர்க்கும் உண்டு. காசு கொடுத்து வாங்கியவன் தன் கசப்பைத் தாராளமாகச் சொல்லட்டும். ஆனால், அதனைத் துரோகம் என்பது தகுமா? கொடுத்த வாக்கை மீறியவன் அன்றோ துரோகி! ஒரே ஓசையைக் காலமெல்லாம் எழுப்புவேன் என்று எந்தக் கலைஞன் எழுதிக் கொடுத்தான்? பழைய இசைத்தட்டை எவரும் பறித்துச் செல்லவில்லையே! அதனை ஆயிரம் முறை கேட்கவும் தடையில்லையே!

இன்னொன்றும் எண்ணத்தக்கது. அவர்கள் போற்றும் 'ஓகே கம்ப்யூட்டர்' வானத்திலிருந்து குதித்ததன்று. 1995ஆம் ஆண்டின் 'தி பெண்ட்ஸ்' தந்த வெற்றிப் பாதையை விட்டு அக்குழு விலகி நடந்ததன் விளைவே அது. அன்றைய மாற்றத்தின் கனியைச் சுவைத்தவர்கள், அடுத்த மாற்றத்தின் வேரை வெட்ட முனைவது என்ன நியாயம்?

நேற்றைய பாட்டுக்கு நகல் கேட்பவன் இரசிகன் அல்லன், எசமானன். எசமானனுக்குப் பணியாளர் கிடைப்பர்; கலைஞர் கிடையார்.