கேம் கன்சோலுக்கு மட்டும் ஏன் விலக்கு?
பழுதுபார்க்கும் உரிமை குறித்து எங்கள் நுகர்வோர் அமைப்பின் நிலைப்பாடு

காசு கொடுத்து வாங்கிய வீடியோ கேம் கன்சோல் பழுதானால், அதை எங்கே, யாரிடம் சரிசெய்வது என்று தீர்மானிக்கும் உரிமை வாங்கியவருக்கே உண்டு. கம்பெனி சர்வீஸ் சென்டரைத் தவிர வேறெங்கும் கொடுக்கக் கூடாது, மூடியைத் திறந்தாலே வாரன்டி போய்விடும், உதிரிபாகம் வெளியாருக்குக் கிடையாது என்ற நிபந்தனைகளை நாங்கள் ஏற்கவில்லை. செல்போனுக்கும் டிராக்டருக்கும் பேசப்படுகிற பழுதுபார்க்கும் உரிமை கன்சோலுக்கும் எழுத்தில் வர வேண்டும்.

விளையாட்டுச் சாமானுக்கு இவ்வளவு பேச்சா என்று சிலர் கேட்கிறார்கள். பிளேஸ்டேஷன் 5 இந்தியாவுக்கு 2021 பிப்ரவரியில் வந்தபோது அதன் விலை 49,990 ரூபாய். பல வீடுகளில் தவணை கட்டி வாங்கும் பொருள் இது. வாரன்டி முடிந்த பிறகு வரும் ஒரு சிறு பழுதுக்காக இதைத் தூக்கிப் போட வேண்டிய நிலை எந்தக் குடும்பத்துக்கும் வரக் கூடாது.

பெரும்பாலான பழுதுகள் சரிசெய்யக் கூடியவை

டிவியுடன் இணைக்கும் ஹெச்டிஎம்ஐ போர்ட்டின் உள்ளே பின் வளைந்துவிடும். ஃபேனில் தூசி அடைத்து, சூடேறி, கன்சோல் தானாக அணையும். கன்ட்ரோலரின் ஸ்டிக்கைத் தொடாமலே திரையில் பாத்திரம் ஒரு பக்கமாக நகரும். இதைத்தான் டிரிஃப்ட் என்கிறோம். இவற்றில் எதற்கும் கன்சோலையே மாற்ற வேண்டியதில்லை. சென்னை ரிச்சி தெருவில் போர்டு வேலை தெரிந்த டெக்னீஷியன் பழைய போர்ட்டைச் சூடான காற்றில் கழற்றிப் புதியதைப் பற்றவைத்துவிடுவார். அவருடைய கைத்திறனில் குறை இல்லை. கம்பெனியின் சர்க்யூட் வரைபடமும் அசல் உதிரிபாகமும் அவருக்குக் கிடைப்பதில்லை என்பதுதான் குறை.

பழுது எல்லாமே பயன்படுத்துபவரின் கவனக்குறைவால் வருவதும் இல்லை. 2005இல் வெளியான எக்ஸ்பாக்ஸ் 360இன் முகப்பில் மூன்று சிவப்பு விளக்குகள் எரிந்து உலகெங்கும் கருவிகள் செத்துப்போயின. திரும்பத் திரும்பச் சூடேறி ஆறியதில் உள்ளே இணைப்புகள் விட்டுப்போனதே காரணம். 2007 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் அந்தப் பழுதுக்கு மட்டும் வாரன்டியை மூன்று ஆண்டுகளாக நீட்டியது. அதற்காக நூறு கோடி டாலருக்கும் மேல் ஒதுக்கியது.

நின்டென்டோ ஸ்விட்ச் 2017இல் வந்தது. அதன் ஜாய்கான் கன்ட்ரோலர்களில் டிரிஃப்ட் புகார்கள் குவிந்தன. 2020இல் நிறுவனத்தின் தலைவர் ஷுன்தாரோ ஃபுருகாவா பங்குதாரர் கூட்டத்தில் வருத்தம் தெரிவித்தார். ஐரோப்பிய நுகர்வோர் அமைப்புகளின் கூட்டமைப்பு 2021இல் ஐரோப்பிய ஆணையத்திடம் முறையிட்டது. 2023இல், வாரன்டி முடிந்திருந்தாலும் ஐரோப்பாவில் இந்தப் பழுதை இலவசமாகச் சரிசெய்வதாக நிறுவனம் அறிவித்தது. அந்தச் சலுகை ஐரோப்பிய நுகர்வோருக்குக் கிடைத்தது, அங்கே கேட்பதற்குச் சட்டமும் அமைப்பும் இருந்ததால். ஸ்விட்ச் இந்தியாவில் அதிகாரப்பூர்வமாக வெளியிடப்படவே இல்லை. இறக்குமதிச் சரக்காக இங்கே அதை வாங்கியவர் அதே பழுதோடு கடை கடையாக அலைந்தார்.

ஸ்டிக்கரைக் காட்டி மிரட்ட முடியாது

"இந்த முத்திரையை அகற்றினால் வாரன்டி ரத்து" என்ற ஸ்டிக்கர் கன்சோலின் பின்பக்கத்தில் ஒட்டப்பட்டு வந்தது. அமெரிக்காவின் 1975ஆம் ஆண்டு வாரன்டிச் சட்டப்படி, குறிப்பிட்ட பாகத்தையோ சேவையையோ மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று வாரன்டிக்கு நிபந்தனை போட முடியாது. இதை நினைவூட்டி 2018 ஏப்ரலில் அந்நாட்டின் மத்திய வணிக ஆணையம் ஆறு நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. சோனி, மைக்ரோசாஃப்ட், நின்டென்டோ மூன்றும் அந்தப் பட்டியலில் இருந்தன.

தூசி துடைக்கத் திறந்ததற்கும் பவர் சப்ளை எரிந்ததற்கும் தொடர்பு இருக்கிறது என்றால், அதை நிரூபிக்கும் பொறுப்பு நிறுவனத்துடையது. ஸ்டிக்கர் கிழிந்திருக்கிறது என்ற ஒற்றைக் காரணத்துக்காக வாரன்டியை மறுப்பதை முறையற்ற நிபந்தனையாகவே நாங்கள் கருதுகிறோம்.

திருட்டு கேம் என்ற வாதம்

கன்சோல் நிறுவனங்களின் முக்கிய வாதம் ஒன்றுதான்: பழுதுபார்க்கக் கதவைத் திறந்தால் திருட்டு கேம்கள் நுழைந்துவிடும். இந்த வாதம் சட்டமன்றங்களில் எடுபட்டிருக்கிறது. அமெரிக்காவின் மினசோட்டா, கலிஃபோர்னியா இரண்டு மாநிலங்களிலும் 2023இல் பழுதுபார்க்கும் உரிமைச் சட்டம் நிறைவேறியது. இரண்டிலுமே கேம் கன்சோலுக்கு விலக்கு.

இந்த வாதத்தை நாங்கள் அலட்சியப்படுத்தவில்லை. கேம் உருவாக்குபவர்களின் உழைப்பைத் திருடுவது குற்றம். அதைத் தடுக்கும் பூட்டு மென்பொருளில் இருக்கட்டும். ஆனால் ஹெச்டிஎம்ஐ போர்ட்டுக்கும், ஃபேனுக்கும், கன்ட்ரோலர் ஸ்டிக்குக்கும் திருட்டு கேமுக்கும் என்ன சம்பந்தம்? கொஞ்சமாவது சம்பந்தம் உள்ள பாகம் டிஸ்க் டிரைவ் ஒன்றுதான். பல கன்சோல்களில் டிரைவும் மெயின் போர்டும் தொழிற்சாலையிலேயே ஒன்றோடொன்று ஜோடி சேர்க்கப்படுகின்றன. அதே மாடல் கன்சோலிலிருந்து நல்ல டிரைவைக் கழற்றி மாட்டினாலும் கேம் டிஸ்க் ஓடாது.

அந்த டிரைவைப் பற்றியே 2021 அக்டோபரில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தின் பரிந்துரைப்படி ஒரு விதிவிலக்கு வந்தது. பழுதான டிரைவை மாற்றுவதற்காக, பின்னர் பாதுகாப்பைப் பழையபடி மீட்டுவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு, பூட்டைத் திறக்கலாம். படைப்பாளிகளின் உரிமையைக் காக்கும் அலுவலகமே பழுதுபார்ப்பு வேறு, திருட்டு வேறு என்று பிரித்துப் பார்த்துவிட்டது. அதே ஆண்டு மே மாதம் மத்திய வணிக ஆணையமும், பழுதுபார்ப்பைக் கட்டுப்படுத்த நிறுவனங்கள் சொல்லும் காரணங்களுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு அறிக்கை அளித்தது.

உதிரிபாகம் விற்றால் தொழில் படுத்துவிடும் என்பதும் உண்மையல்ல. வால்வ் நிறுவனம் 2022இல் ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவியை வெளியிட்ட சில மாதங்களிலேயே அதன் பாகங்கள் பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்தன. எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் பாகங்களை மைக்ரோசாஃப்ட்டே 2023இல் அமெரிக்காவில் விற்கத் தொடங்கியது. அங்கே முடிந்தது இங்கேயும் முடியும்.

நம் நாட்டில் நிலை

இந்தக் கொள்கை இந்தியாவுக்குப் புதிதல்ல. அசல் உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்ததற்காக 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அபராதம் பற்றிய வழக்குகள் பின்னர் நீண்டன. ஆனால் வெளிக் கடையில் வேலை பார்ப்பதைத் தடுப்பது சந்தையை முடக்கும் செயல் என்று அந்த ஆணையம் அன்றே பதிவு செய்தது.

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் பழுதுபார்க்கும் உரிமைக்கு ஒரு குழுவை அமைத்தது. அவ்வாண்டு டிசம்பர் 24இல் அதற்கான இணைய வாயிலையும் திறந்தது. விவசாயக் கருவிகள், செல்போனும் டேப்லெட்டும், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் என நான்கு துறைகள் அதில் உண்டு. கேம் கன்சோலுக்கென்று தனியிடம் இல்லை. நிறுவனங்கள் தாமாக முன்வந்து விவரம் தரும் ஏற்பாடு மட்டும் போதாது. தந்தே ஆக வேண்டும் என்ற சட்டம் தேவை.

எங்கள் கோரிக்கைகள்

1. பழுதுபார்க்கும் உரிமைக்கான கட்டமைப்பில் கேம் கன்சோலையும் கன்ட்ரோலரையும் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும்.

2. உதிரிபாகம், சர்வீஸ் கையேடு, பழுதறியும் மென்பொருள் ஆகியவற்றை நியாயமான விலையில் வெளி டெக்னீஷியன்களுக்கும் தர வேண்டும். விற்பனையை நிறுத்திய பிறகும் சில ஆண்டுகளுக்கு இது தொடர வேண்டும்.

3. முத்திரை கிழிந்ததை மட்டும் காரணம் காட்டி வாரன்டியை மறுப்பதைத் தடை செய்ய வேண்டும்.

4. டிஸ்க் டிரைவ் மாற்றப்பட்டால் புதிய டிரைவைக் கன்சோலுடன் இணைக்கும் வசதியைத் தயாரிப்பாளரே வழங்க வேண்டும்.

5. ஒரு மாடல் முழுவதும் ஒரே பழுது பரவலாக வந்தால், வேறு நாடுகளில் தரும் இலவசச் சேவையை இந்திய நுகர்வோருக்கும் தர வேண்டும்.

சட்டம் வரும்வரை

கன்சோல் பழுதானவர்கள் முதலில் பில்லையும் வாரன்டி தேதியையும் பாருங்கள். வாரன்டி இருந்தால் நீங்களாகத் திறக்காமல், எழுத்துமூலம் புகார் கொடுத்து எண் பெறுங்கள். கொடுக்கும் முன் சீரியல் எண்ணையும் கருவியின் நான்கு பக்கங்களையும் படமெடுத்து வையுங்கள். சேமித்த கேம்களுக்குப் பிரதி எடுங்கள். ஸ்விட்சில் அவை மெமரி கார்டில் இல்லை, கருவிக்குள்ளேயே இருக்கின்றன. சர்வீஸ் சென்டர் வாரன்டியை மறுத்தால், காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள்.

வாரன்டி முடிந்திருந்தால் வெளிக் கடையில் கொடுக்கத் தயங்க வேண்டாம். செலவு மதிப்பீட்டை முன்கூட்டியே வாங்குங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். செய்த வேலைக்கு எத்தனை நாள் உத்தரவாதம் என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள். இறக்குமதிச் சரக்கு வாங்குபவர்கள் கடைக்காரரின் வாரன்டியை எழுத்தில் பெறாமல் பணம் கொடுக்காதீர்கள். பில் தர மறுப்பதே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை.

தீர்வு கிடைக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதிலும் முடியாவிட்டால், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும். வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடலாம். மனு எழுத எங்கள் அமைப்பு உதவும்.

ஐரோப்பாவில் ஜாய்கான் விவகாரத்தை அசைத்தது புகார்களின் குவியல்தான். பழுதான கன்சோலைப் பரணில் போட்டு மறந்துவிடாமல் ஒவ்வொருவரும் புகாரைப் பதிவு செய்யுங்கள். அந்தப் பதிவுகளைத் திரட்டி, மேலே சொன்ன ஐந்து கோரிக்கைகளோடு நுகர்வோர் விவகாரத் துறையிடம் நாங்கள் கொண்டுசெல்வோம்.