பிரம்பும் அஹிம்ஸையும்

சிவகங்கைச் சீமையில் வளரும் பிள்ளை ஒருவனிடம், "வீரர் என்றால் யார்?" என்று கேட்டுப் பாருங்கள். வேலு நாச்சியாரையும் மருது சகோதரர்களையும் தயங்காமல் சொல்வான். சொல்ல வேண்டியதுதான். 1801-ஆம் வருஷம் அக்டோபர் 24-ந் தேதி திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்ட அந்தச் சகோதரர்களை இந்தச் சீமை எப்படி மறக்கும்? ஆனால் அதே பிள்ளையிடம், "அஹிம்ஸை என்றால் என்ன?" என்று கேட்டால், "யாரையும் அடிக்கக் கூடாது" என்பான். அந்தப் பதிலில் பிழையில்லை, உயிரும் இல்லை. வாளெடுத்தவர் வீரர், அடிக்காதவர் சாது என்று நாமே பிரித்துக் கற்பித்து விட்டோம். சாதுவாயிருக்க எந்தச் சிறுவன் ஆசைப்படுவான்?

அஹிம்ஸையும் வீரந்தான் என்று காட்டுவதற்குச் சபர்மதி வரை போக வேண்டியதில்லை. காரைக்குடிக்கும் திருப்பத்தூருக்கும் இடையே சிறாவயல் என்ற கிராமம் இருக்கிறது. பொங்கல் சமயத்து மஞ்சுவிரட்டுக்குப் பேர் போன ஊர். அங்கே இளைஞர் ஜீவானந்தம் ஓர் ஆசிரமம் நடத்தி வந்தார். 1927-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் மகாத்மா காந்தி செட்டிநாட்டில் சுற்றுப் பிரயாணம் செய்தார். வர்ணாசிரமத்தைப் பற்றி மகாத்மா கொண்டிருந்த கருத்தை ஆட்சேபித்து ஜீவா அவருக்குக் கடிதம் எழுதினார் என்றும், அதைப் படித்த மகாத்மா அவரைக் காண்பதற்குத் தாமே சிறாவயல் சென்றார் என்றும் ஜீவாவின் சரித்திரம் சொல்கிறது.

இந்தச் சம்பவத்தை மாணாக்கர்களுக்குச் சொல்லும்போது, அத்துடன் இரண்டு எண்களையும் கரும்பலகையில் எழுதுங்கள். மகாத்மாவுக்கு அப்போது வயது ஐம்பத்தெட்டை நெருங்கியிருந்தது, ஜீவாவுக்கு இருபது. தேசமே தலைவணங்கிய பெரியவர், தம்மை மறுத்துப் பேசிய பையனை அலக்ஷியம் செய்திருக்கலாம். காரியதரிசியைக் கொண்டு நாலு வரி பதில் எழுதுவித்திருக்கலாம். அவரோ அவன் வாசலுக்கே போனார். எதிர்த்துக் கேட்பவனை எதிரியாக நினையாமை என்பதே சாத்விகத் தலைவனின் முதல் லக்ஷணம்.

ஜீவா பிற்பாடு மகாத்மாவின் சீடராக நிலைத்து விடவில்லை. சுயமரியாதை இயக்கத்திலும், பின்னர் கம்யூனிஸ்டுக் கட்சியிலும் பெருந்தொண்டாற்றி, 1952-இல் சென்னைச் சட்டசபைக்கும் சென்றார். அப்படியானால் மகாத்மாவின் பிரயாணம் வீண்தானா? இந்தக் கேள்வியை வகுப்பில் கேட்க வேண்டும். ஆள் சேர்ப்பதற்காகச் செல்பவன் கணக்குப் பார்ப்பான். உண்மையை அறியச் செல்பவனுக்கு அந்தக் கணக்கு இல்லை என்பது பிள்ளைகளுக்குத் தானே விளங்கும்.

இரண்டாவது லக்ஷணத்துக்கு மதுரை சாக்ஷி. கதர் வாங்கப் பணமில்லையே என்று ஏழைகள் சொன்னதை எண்ணிப் பார்த்த மகாத்மா, 1921-ஆம் வருஷம் செப்டம்பர் 22-ந் தேதி மேல மாசி வீதியில் தாம் தங்கியிருந்த வீட்டில் முழ வேஷ்டிக்கு மாறினார். பிறரைச் செய்யச் சொல்வதற்கு முன் தாம் செய்து காட்டினார்.

மூன்றாவது லக்ஷணந்தான் மிகக் கடினமானது. அது தம்மைச் சேர்ந்தவர்களையே தடுத்து நிறுத்தும் தைரியம். 1922-ஆம் வருஷம் பிப்ரவரியில் சௌரி சௌராவில் ஜனங்கள் போலீஸ் நிலையத்துக்குத் தீ வைத்துப் போலீஸாரைக் கொன்றார்கள். மகாத்மா ஒத்துழையாமை இயக்கத்தையே நிறுத்தினார். சகாக்கள் பலர் மனம் கசந்தார்கள். அவர் அசையவில்லை.

நமது பக்கத்துச் சரித்திரத்திலும் ஒரு முள் உண்டு, அதையும் மறைக்கலாகாது. 1942-ஆம் வருஷம் ஆகஸ்டு 9-ந் தேதி காந்தி முதலிய தலைவர்களைச் சர்க்கார் சிறை பிடித்தது. அதன் பின் தேவகோட்டையில் கோர்ட்டு தீக்கிரையாயிற்று. போலீஸார் சுட்டதில் உயிர்கள் போயின. திருவாடானையில் ஜனங்கள் சிறையை உடைத்துச் சின்ன அண்ணாமலையை விடுவித்தார்கள். இதைத் தேசபக்தி என்று மட்டும் சொல்லி முடிப்பதும், ஹிம்ஸை என்று ஒரே வார்த்தையில் தள்ளுவதும் சுலபம். இரண்டும் வேண்டாம். "நீ அந்தக் கூட்டத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய்?" என்று கேளுங்கள். பிள்ளைகள் ஒருவரோடொருவர் வாதிடட்டும். கையை ஓங்காமல், குரலைக் கூட ஓங்காமல் வாதிடப் பழகுவதே அஹிம்ஸையின் அரிச்சுவடி.

இத்தனையும் கற்பிக்கிற உபாத்தியாயரின் கையில் பிரம்பு இருந்தால் எல்லாம் பாழ். 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் பிள்ளைகளை உடலில் தண்டிப்பதையும் மனத்தில் வதைப்பதையும் தடுத்திருக்கிறது. சட்டம் பிரம்பைப் பிடுங்கலாம்; நாவிலிருக்கும் பிரம்பை யார் பிடுங்குவது? "அதிகப்பிரசங்கி, உட்கார்!" என்ற ஒரு சொல், காந்தி ஜயந்தியன்று செய்த பிரசங்கம் முழுவதையும் அழித்து விடும். வீடுகளில் நாமும் இதற்கு விலக்கல்ல. தகப்பனாரை ஏனென்று கேட்கத் துணியாத பிள்ளை, நாளைக்கு அநீதியை மட்டும் ஏனென்று கேட்டு விடுவானா?

அடுத்த விடுமுறையில் பிள்ளைகளைத் திருப்பத்தூருக்கு அழைத்துச் செல்லுங்கள்; மருது சகோதரர்களை வணங்கட்டும். அப்படியே சிறாவயலுக்கும் வாருங்கள். எந்த வீரம் பெரிது என்று பட்டி மண்டபம் வைக்க வேண்டாம். உயிரைத் துச்சமாய் எண்ணியது ஒரு வீரம். தன் பெருமையைத் துச்சமாய் எண்ணியது மற்றொரு வீரம். முதலாவதற்குச் சந்தர்ப்பம் எப்போதோ வரும். இரண்டாவதற்கு நாள்தோறும், வகுப்பில் ஒரு சிறுவன் எழுந்து நின்று, "அது சரியில்லையே!" என்று சொல்லும்போதெல்லாம் வருகிறது.